கூரை விழுமுன் கேட்போம்

(மாதர் சங்கங்கள், தோட்டத் தலைவர்கள், இளைஞர் கழகங்கள் கலந்துகொண்ட குடும்ப நலக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெறும் பொருட்டு இங்கே தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பிராவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். களைப்பு இருக்கும். ஆகையால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். புது வீடு கட்டுவதைப் பற்றிப் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது, இருக்கிற வீடு கையைவிட்டுப் போகாமல் காப்பதைப் பற்றி. அதற்குப் பிரதேச சபையின் பணத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைப் பற்றி.

யார் வீடில்லாதவர்?

"எங்களுக்கு வீடில்லாமலா இருக்கு? லயம் இருக்கே" என்று சிலர் கேட்பீர்கள். கொழும்பில் கடை வாசலில் படுத்திருப்பவரைத்தான் வீடில்லாதவர் என்று நினைக்கிறோம். தோட்டத்தில் அப்படி யாரும் றோட்டில் படுப்பதில்லை. ஏனென்றால் நம் சனம் விடாது. மண் சரிந்தால் பாடசாலைக்குக் கூட்டிப் போவோம். லயம் எரிந்தால் கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுவோம். அதுவும் முடிந்தால் அண்ணன் காம்பிராவில் தம்பி குடும்பம், அதே இஸ்தோப்பில் வயசான அம்மா. நூறு வருசத்துக்கு முந்திப் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிய ஒரு காம்பிராவுக்குள் மூன்று அடுப்பு எரிகிறது. இதுவும் வீடில்லாமைதான். வெளியே தெரியாத வீடில்லாமை.

பாடசாலையில் ஒரு வாரம் என்று சொல்லிப் போன குடும்பங்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்ததை நாங்களும் பார்த்திருக்கிறோம், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. குமர்ப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்ற மறைவில்லை. பேருக்குப் போகிறவர்கள் எந்நேரமும் சாமானை நினைத்துக்கொண்டே கொழுந்தெடுக்க வேண்டும்.

வீடு போகும் வழிகள்

நம் பக்கத்தில் வீடு நாலு வழியில் போகிறது.

முதலாவது, தண்ணீர். மேலே உள்ள கான் அடைபட்டு, மழைத் தண்ணீர் லயத்தின் பின்சுவரில் இறங்கும். ஒரு மாரியில் சுவர் ஊறும். அடுத்த மாரியில் வெடிப்பு விழும். மூன்றாவது மாரியில் மண்மேடு வந்து காம்பிராவுக்குள் உட்காரும்.

இரண்டாவது, நெருப்பு. ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு காம்பிரா. ஒரு வீட்டு வயர் பற்றினால் தொங்கல் காம்பிரா வரைக்கும் போய்த்தான் நிற்கும். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வந்து சேர, றோட்டும் சரியில்லை. வந்தாலும் தண்ணீர் எடுக்க இடமில்லை.

மூன்றாவது, பழசாகிப் போவது. தகரம் துருப்பிடித்து, மரம் உளுத்து, காற்றடிக்கும் இரவில் கூரை பறக்கிறது.

நாலாவது, பேர் வெட்டுப்படுவது. அப்பா அம்மா இருவரும் ஓய்வுபெற்று, பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்தால், "தோட்டத்தில் வேலை செய்ய ஆளில்லை, காம்பிராவைக் கொடு" என்ற பேச்சு வருகிறது. இந்த நாலாவது வழியைப் பிரதேச சபைப் பணத்தால் அடைக்க முடியாது. அது காணி உரிமைப் பிரச்சினை. அதற்குச் சங்கமும் சட்டமும் வேண்டும்.

முதல் மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. அவை திடீரென்று வருவதில்லை. வருவதற்கு ஒரு வருசம், இரண்டு வருசம் முந்தியே கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தேவைப்படுவது கொஞ்சம் சீமெந்து, கல், குழாய், கூலி. விழுந்த பிறகு தேவைப்படுவது காணி, புது வீடு, சாப்பாடு, உடுப்பு, பிள்ளைகளின் புத்தகம். ஒரு கானைக் கட்டும் செலவையும் பன்னிரண்டு குடும்பத்தைக் குடியேற்றும் செலவையும் நீங்களே மனக்கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீரியபெத்தை சொன்ன பாடம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். "எழும்பிப் போங்க" என்று சொல்வது இலேசு. எங்கே போவது, யார் காணி தருவது, எந்தப் பணத்தில் கூரை போடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எச்சரிக்கை மட்டும் வந்தால் சனம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். தப்பியவர்கள் முகாமில் கிடந்து, புது வீட்டுக்குப் போனது 2016 இல். இரண்டு வருசம்!

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலை சரிந்தது, எத்தனை லயத்துச் சனம் பாடசாலைக்கும் கோயிலுக்கும் ஓடியது என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய மழையை ஒரு கான் தடுத்திருக்காது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வருசமும் வரும் சாதாரண மாரியில் போகிற வீடுகளைக் கான் தடுக்கும். அதைத்தான் இன்று பேசுகிறோம்.

இந்தப் பணம் ஏன் தோட்டத்துக்குள் வரவில்லை?

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானவை. 1991 இல் முதல் தேர்தல் நடந்தது. வாக்குரிமை உள்ள நம் சனமும் வரிசையில் நின்று வாக்குப் போட்டது. ஆனால் சபையின் பணம் தோட்டத்து கேற் அடியிலேயே நின்றுவிட்டது. கிராமத்து றோட்டுக்கு கொங்கிறீட், கிராமத்துக் கானுக்கு சீமெந்து. தோட்டத்துக்குக் கேட்டால், "அது கம்பனி பொறுப்பிலுள்ள காணி, சட்டம் இடந்தராது" என்று 33 ஆம் பிரிவைக் காட்டினார்கள். சட்டத்தைப் பிறகு எழுதியவர்கள் கிராமத்தை நினைத்தே எழுதினார்கள். தோட்டத்தையும் நினைத்துச் செலவு செய்ய விரும்பிய அங்கத்தவர்கள்கூட, நாளைக்குக் கணக்காய்வில் கேள்வி வருமே என்று பயந்தார்கள்.

இதற்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாட்டின் பிரஜை என்று எண்ணப்படாதவரைச் சபையின் கணக்கிலும் யாரும் எண்ணவில்லை. தோட்டத்தில் பிறப்பு, இறப்பு, வீடு, தண்ணீர் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பாடு என்று அரசாங்கம் பழகிப்போனது.

2018 இல் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளுக்கும் சபை நிதியைச் செலவிடச் சட்டத்தில் இடம் வைக்கப்பட்டது. மற்றது, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை, 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் வந்தன.

ஆகவே "சட்டம் இடந்தராது" என்ற பதில் 2018 உடன் செத்துவிட்டது. இன்றைக்கும் யாராவது அந்தப் பதிலைச் சொன்னால், "ஐயா, 2018 திருத்தத்தைப் பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அது யாருடைய பணம்?

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சோலை வரி, ஏக்கர் வரி, கடைகளின் லைசன்ஸ் கட்டணம், சந்தை வாடகை, காணி கைமாறும்போது முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம், மாகாண சபையும் அரசாங்கமும் தரும் நிதி. சம்பளத்தன்று டவுன் கடையில் அரிசி, மா, சீனி வாங்குகிறோம். அந்தக் கடை நடப்பது நம்மால். கடைக்காரர் லைசன்ஸ் கட்டுவது நம் காசில். அரசாங்கம் தரும் நிதியிலும், நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியும் இருக்கிறது. ஆகையால் பிச்சை கேட்கிற மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்க வேண்டியதில்லை.

அதேநேரம் ஒன்றையும் மறைக்கக்கூடாது. மலைநாட்டுச் சபைகள் பணக்காரச் சபைகள் அல்ல. ஐம்பது லயத்தை இடித்துக் கட்டும் வசதி எந்தப் பிரதேச சபைக்கும் கிடையாது. கேட்பதைச் சிறியதாக, தெளிவாக, ஒவ்வொரு வருசமும் விடாமல் கேட்க வேண்டும்.

எதை யாரிடம் கேட்பது?

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. இதை முதலில் மனதில் வையுங்கள். சபை என்பது நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் இருக்கும் இடம். தலைவர் தவிசாளர். செயலகம் என்பது அரசாங்கக் கந்தோர். தலைவர் பிரதேச செயலாளர்.

சபையிடம் கேட்க வேண்டியவை: லயத்துக்கு மேலுள்ள கான், மதகு, சிறு தடுப்புச் சுவர், வண்டி வந்து திரும்பக்கூடிய றோட்டு, தீயணைக்கவும் குடிக்கவும் தண்ணீர்த் தாங்கி, பாதை விளக்கு. இவையெல்லாம் பொது வசதிகள். இவற்றோடு, அனர்த்தத்தில் வீடிழந்தவர்களுக்கு உடனடி உதவியாக ஒரு தொகையை வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கும்படியும் கேளுங்கள். வறியவர்களுக்கு உதவுவதும் அனர்த்தத்துக்குப் பின் புனர்வாழ்வு கொடுப்பதும் சபையின் அதிகாரங்களில் அடங்கியவையே. ஒதுக்கிய பணம் பெட்டியில் இருந்தால், கூரை பறந்த மறுநாளே படங்கும் தகரமும் வரும். ஒதுக்காவிட்டால் கூட்டம் கூடிப் பேசி முடிக்கவே ஒரு மாதம் போகும்.

பிரதேச செயலகத்திடம் கேட்க வேண்டியவை: அனர்த்த நிவாரணம், நட்டஈடு, மாற்றுக் காணி. இதற்கு வழி கிராம உத்தியோகத்தர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: இந்தச் சரிவில் குடியிருக்கலாமா என்ற அறிக்கை. இதைப் பிரதேச செயலகத்தின் மூலம் கேட்கலாம். அந்த அறிக்கை இல்லாமல் எந்தக் கதவும் சரியாகத் திறக்காது.

தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது: லயத்துக் கூரை, சுவர், கக்கூஸ் ஆகியவற்றின் பராமரிப்பு. "சபை வந்துவிட்டதே, இனி சபையைக் கேள்" என்று துரைமார் கைகழுவ இடங்கொடுக்கக் கூடாது. சபையின் பணம் நிர்வாகத்தின் கடமைக்கு மேலாக வருவது. அதற்குப் பதிலாக வருவதல்ல.

எப்போது கேட்பது?

சபையின் கணக்கு வருசம் தை முதல் மார்கழி வரை. அடுத்த வருசத்தின் வரவு செலவுத் திட்டம் மார்கழிக்குள் நிறைவேற வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? மார்கழி மழையில் மண் சரிந்த பிறகு தையில் போய்க் கேட்கிறோம். அப்போது அங்கத்தவர் சொல்வார்: "அக்கா, பட்ஜட் முடிஞ்சிருச்சி, அடுத்த வருசம் பாப்போம்." அவர் சொல்வது பொய்யில்லை. நாம் போன நேரம் பிந்திவிட்டது.

ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் வேலையைத் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கமும் இளைஞர்களும் ஒவ்வொரு லயமாக நடந்து பாருங்கள். எந்தக் கான் அடைபட்டிருக்கிறது, எந்தச் சுவரில் வெடிப்பு, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, எங்கே புதிதாக ஊற்று வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பத்துப் பிரச்சினை இருந்தால் ஆபத்து அதிகமான இரண்டை மட்டும் தெரிந்தெடுங்கள். பத்தையும் கேட்டால் ஒன்றும் நடக்காது.

புரட்டாதிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதிரி தருகிறோம். இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"தவிசாளர் அவர்கட்கு, ........ பிரதேச சபை.

ஐயா / அம்மணி, ........ தோட்டம், ........ டிவிசன், ........ ஆம் இலக்க லயத்துக்கு மேலுள்ள கான் ........ அடி நீளத்துக்கு உடைந்துள்ளது. மழைத் தண்ணீர் லயத்தின் பின்சுவரில் இறங்குகிறது. சுவரில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது. இந்த லயத்தில் ........ குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களில் பிள்ளைகள் ........ பேர், முதியோர் ........ பேர். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பிப் பார்வையிட்டு, மதிப்பீடு தயாரித்து, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இவ்வேலைக்கு நிதி ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். படங்களும் குடியிருப்போரின் கையொப்பங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

இதன் பிரதிகளை வட்டார அங்கத்தவர், சபைச் செயலாளர், கிராம உத்தியோகத்தர், தோட்ட அதிகாரி ஆகியோருக்கும் கொடுங்கள். நேரில் கொடுத்தால் ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபாலில் போடுங்கள். தோட்ட நிர்வாகத்திடம், "இவ்வேலைக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு வேலை நடுவழியில் நிற்காது.

சபையில் வீடமைப்புக்கும் சமூக அபிவிருத்திக்கும் ஒரு குழு உண்டு. அதில் உங்கள் அங்கத்தவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சபைக் கூட்டத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று இரண்டு பேர் போய் உட்காருங்கள். பேசாவிட்டாலும் உங்கள் முகம் பேசும்.

பதிலே வராவிட்டால்? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், நம் கையில் இருக்கிறது. "எங்கள் வட்டாரத்தில் தோட்டங்களுக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எங்கள் கடிதத்துக்கு என்ன முடிவு?" என்று சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்பதற்கு சண்டை போடத் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.

சிலர் சொல்லும் தடைகள்

"சபை இப்ப வேற கட்சிக்காரங்க கையில, நமக்குச் செய்வாங்களா?" என்று கேட்கிறார்கள். மழை கட்சி பார்த்துப் பெய்வதில்லை. எல்லாக் கட்சிக்கும் வாக்களித்தவர்கள் ஒரே லயத்தில் இருக்கிறோம். கடிதத்தில் எல்லாச் சங்கத்துத் தலைவர்களும் கையொப்பம் வைத்தால், எந்தத் தவிசாளரும் அதை ஒரு கட்சியின் கடிதம் என்று ஒதுக்க முடியாது.

2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை கேட்க ஒரு அங்கத்தவர்கூட இல்லாமல் இரண்டு வருசம் போனது. அந்த வெறுமை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். இப்போது அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்க லயத்துக்கு வந்தவரை, கானைப் பார்க்கவும் லயத்துக்குக் கூப்பிடுங்கள்.

பதிவு இல்லாத குடும்பம்

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. அனர்த்தம் நடந்த பிறகு உதவி வருவது பதிவைப் பார்த்துத்தான். ஒரு காம்பிராவில் மூன்று குடும்பம் இருந்தாலும் கிராம உத்தியோகத்தரின் பதிவில் ஒரு குடும்பம் என்றிருந்தால், ஒரு குடும்பத்துக்கு உரியதே கிடைக்கும். கலியாணம் முடித்த மகனும் மகளும் தனிக் குடும்பமாகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாக்காளர் இடாப்பில் எல்லோருடைய பேரும் சரியாக இருக்கிறதா என்று வருசந்தோறும் பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு தடித்த பொலித்தீன் பையில் போட்டு, வாசலுக்கு அருகே ஆணியில் மாட்டி வையுங்கள். இரவில் "ஓடு" என்று சத்தம் கேட்டால் ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் அந்தப் பை.

அன்பானவர்களே, காணி உறுதியும் சொந்த வீடும் நம் உரிமை. அந்தப் போராட்டம் நடக்க வேண்டியதுதான். ஆனால் அது கைகூடும் வரைக்கும் நம் பிள்ளைகள் இந்த லயத்துக் கூரைக்குக் கீழேதான் தூங்க வேண்டும். இந்த ஆடி மாதம் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரே ஒரு கடிதம் போகட்டும். ஒரே ஒரு கானுக்காவது வரும் வருசக் கணக்கில் பணம் ஒதுக்கட்டும். எழுத உதவி வேண்டியவர்கள் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.